பல்லாங்குழியும் அதன் மறுவார்ப்பும்

பழைய கணினி விளையாட்டுகளைப் புதுக்கி வெளியிடுதல் இன்று பெருவழக்காகிவிட்டது. புதுக்கத்தக்கவை எவை என ஆராய்வார், கணினிக்கு மிக முற்பட்ட பல்லாங்குழியையும் எண்ணிப் பார்த்தல் தகும். செட்டிநாட்டு வீடுகளில் புழங்கிய பல்லாங்குழிகள் இன்று காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விற்பனைக்குக் கிடக்கின்றன. பலகை பிழைத்தது, ஆட்டம் பிழைக்குமா என்பதே நம் வினா.

குழியாட்ட மறுவார்ப்புக்கு முன்னோடி உண்டு. 1940இல் அமெரிக்கரான வில்லியம் ஜூலியஸ் சாம்பியன் ‘கலாஹ்’ என்னும் ஆட்டத்தை அமைத்தார். குழிகள் 12, ஆளுக்கொரு சேமக்குழி, ஒரே சுற்றில் முடிவு. கணினிக்கு அது எளிதில் வசப்பட்டது.

நம் ஆட்டத்துக்குக் குழிகள் 14. அது ஒரு சுற்றோடு முடிவதன்று. தோற்றவர் தம்மிடம் எஞ்சிய முத்துகளால் இயன்ற குழிகளையே நிரப்புவர், ஏனையவை அடைபடும். அடுத்த சுற்றுகளில் அவற்றை மீட்டலும் கூடும். ஒரு குழியும் நிரப்ப இயலாதபோதே முழுத் தோல்வி. வட்டிக் கணக்கில் தேர்ந்த நகரத்தார் வீடுகளில் இவ்விதி பொருளற்றதாகத் தோன்றியிராது! குழியில் நான்கு முத்துகள் சேரின் ‘பசு’ என எடுக்கும் விதியும் போற்றத்தக்கது; எதிரி ஆடுகையிலும் தம் பக்கத்துப் பசுவைக் கவனித்தல் வேண்டும் அன்றோ? விரைவு கருதி இவ்விரண்டையும் நீக்குவார் படைப்பது வேறோர் ஆட்டமே எனக் கருதுகின்றோம்.

ஊர்தோறும் விதிகள் வேறுபடுகின்றன. ஆதலின் ஆடியறிந்த ஆச்சிமாரிடம் கேட்டு அவற்றை எழுதிக்கொள்ளுதல் முதற்பணி. நிரல் எழுதுதல் அதன் பின்னர்.