பெயர் தெரியாதவர் அல்ல, பெயர் பதியப்படாதவர்: எட்ஜ்ஃபீல்டின் மண்முகங்கள்

உருட்டி விழிக்கும் வெள்ளைக் கண்கள். பல்லைக் காட்டி இளிக்கும் வாய். தடித்த புருவம், துருத்திய காது. பல குடுவைகள் ஒரு கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். முதலில் பார்க்கும் எவருக்கும் சிரிப்பு வரும். அமெரிக்காவின் தென்கரோலினா மாநிலத்தில், எட்ஜ்ஃபீல்டு என்ற வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட முகக்குடுவைகள் இவை. இவற்றைச் சேகரித்த வெள்ளையர்கள் நெடுங்காலம் 'அசிங்கக் குடுவை' என்றும் 'கோமாளித்தனம்' என்றும் சொல்லிவந்தார்கள். செய்தவர் யார் என்று கேட்டவர்கள் குறைவு.

அந்தக் கேள்வியை எழுப்பிய கண்காட்சி ஒன்று 2022 செப்டம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்டது. 'இப்போது என்னைக் கேளுங்கள்: பழைய எட்ஜ்ஃபீல்டின் கறுப்பினக் குயவர்கள்' என்பது அதன் தலைப்பு. பிறகு பாஸ்டன், ஆன் ஆர்பர், அட்லாண்டா என்று 2024 வரை அது பயணித்தது. சாதியையும் உழைப்பையும் பற்றிப் பேசுகிற நாம் இந்தக் கண்காட்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம்.

முதலில் அந்த மண்ணின் பொருளாதாரம். எட்ஜ்ஃபீல்டில் வெள்ளைக் களிமண்ணும் விறகும் தண்ணீரும் தாராளம். 1810களில் அங்கே மண்பாண்ட ஆலைகள் தொடங்கின. உயர்ந்த வெப்பத்தில் சுட்டு, சாம்பல் கலந்த மெருகு பூசிய ஜாடிகள்; நம் வீட்டு ஊறுகாய் ஜாடியைப் போல ஒழுகாதவை. பருத்தித் தோட்டங்களில் இறைச்சியையும் கொழுப்பையும் சேமித்து வைக்க இவை ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. மண் வெட்டியது, மிதித்தது, சக்கரம் சுற்றியது, விறகு பிளந்தது, சூளை எரித்தது எல்லாம் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். ஜாடியில் பெயர் பொறித்துக்கொண்டது முதலாளி. அடிமைமுறை என்றால் பருத்திக்காடு மட்டும் நினைவுக்கு வருகிற நமக்கு, அது ஒரு தொழிற்சாலை முறையாகவும் இருந்தது என்பதை எட்ஜ்ஃபீல்டு காட்டுகிறது.

இனி முகக்குடுவைகள். அமெரிக்காவுக்குள் அடிமைகளை இறக்குமதி செய்வது 1808 முதல் சட்டவிரோதம். ஆனாலும் 1858 நவம்பரில் 'வாண்டரர்' என்ற கப்பல் நானூறுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடத்திவந்து ஜார்ஜியாவின் ஜெகில் தீவில் இறக்கியது. வழியில் இறந்தவர்கள் பலர். பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் எட்ஜ்ஃபீல்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ பண்பாட்டைச் சேர்ந்தவர்கள். அந்தப் பண்பாட்டில் வெள்ளைக் களிமண் இறந்தோரின் உலகத்தோடு தொடர்புடையது; ஆற்றல் ஏற்றப்பட்ட உருவங்களைச் செய்துவைக்கும் மரபும் உண்டு. எட்ஜ்ஃபீல்டு குடுவைகளின் கண்ணும் பல்லும் அதே வெள்ளைக் களிமண்ணால் ஆனவை. இது தற்செயல் அல்ல என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

1893இல் இந்தக் குடுவைகளைப் பற்றி எழுதிய எட்வின் பார்பர், ஆலை முதலாளி ஒருவர் தந்த தகவலைப் பதிவு செய்திருக்கிறார்: தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில் தாங்களாகச் செய்தவை இவை. இந்த ஒரு வரி நமக்கு முக்கியம். பகல் முழுக்க முதலாளிக்கு ஜாடி. மிஞ்சிய சிறு பொழுதில் தனக்கு ஒரு முகம். வெளியாளுக்கு அது வேடிக்கை. செய்தவருக்கு அது வழிபாடாக இருந்திருக்கலாம், காவலாக இருந்திருக்கலாம், மேலாளரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பாகவும் இருந்திருக்கலாம். உடம்பே தனக்குச் சொந்தமில்லாத ஒருவர் விளையாடுவதற்கு நேரம் எடுத்துக்கொள்வதே அரசியல்தான்.

பெயரோடு நமக்குக் கிடைக்கும் குயவர் டேவ். ஏறத்தாழ 1800இல் பிறந்தவர். கை மாறி மாறிப் பல முதலாளிகளிடம் அடிமையாக இருந்தவர். எழுதப் படிக்கக் கற்றவர். ஈர ஜாடியின் தோளில் குச்சியால் தேதியும் கையெழுத்தும் கீறினார். ஈரடிக் கவிதைகளும் எழுதினார். அவருடைய கவிதை ஜாடிகள் 1834 முதல் கிடைக்கின்றன. அதே 1834 டிசம்பரில்தான், அடிமைக்கு எழுத்தறிவிப்பதைக் குற்றமாக்கிய சட்டத்தைத் தென்கரோலினா இறுக்கியது: கற்றுக்கொடுப்பவர் வெள்ளையரானால் அபராதமும் சிறையும், கறுப்பரானால் சவுக்கடி. அந்தச் சட்டத்துக்கு நடுவே ஒரு மனிதர் எல்லோரும் பார்க்கும்படி சுட்ட மண்ணில் எழுதி, சந்தைக்கு அனுப்பினார். 1857இல் எழுதிய ஒரு கவிதை பிரிந்துபோன உறவுகளைப் பற்றியது. 1859இல் பேட்லர் என்ற இன்னொரு அடிமைத் தொழிலாளியோடு சேர்ந்து செய்த ஜாடி சுமார் 150 லிட்டர் கொள்ளும். அதில் இருவர் பெயரும் இருக்கிறது. விடுதலைக்குப் பிறகு அவர் டேவிட் டிரேக்.

எழுத்தைத் தடைசெய்த சமூகம் எது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமை ஒழிப்புக்காக நின்ற அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அடிமைமுறையும் சாதியும் ஒன்றல்ல. ஒன்றை விற்பனைச் சீட்டு காத்தது, மற்றதைச் சாத்திரமும் ஊரும் காத்தன. ஆனால் கைவேலையை எடுத்துக்கொண்டு கைக்குரியவரை மறைக்கும் வழக்கம் இரண்டுக்கும் பொது.

அந்தக் கண்காட்சியின் பெயர்ப்பலகைகளில் ஒரு சொல் கவனத்துக்குரியது. 'பெயர் தெரியாத குயவர்' என்று போடாமல் 'பெயர் பதியப்படாத குயவர்' என்று போட்டார்கள். 'தெரியாதவர்' என்றால் பழி காலத்தின் மேல். 'பதியப்படாதவர்' என்றால் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தவர் பதில் சொல்ல வேண்டும்.

இன்றைய கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளும் பழைய ஜாடிகளுக்கு அருகில் வைக்கப்பட்டன. 2022 வெனிஸ் பியனாலேயில் தங்கச் சிங்க விருது பெற்ற சிமோன் லீ முகக்குடுவையைப் பேருருவாக்கி, அதில் சோழி வடிவங்களைப் பதித்தார். அடெபன்மி கபடெபோ, தன் முன்னோர் அடிமைகளாக வேலை செய்து புதைந்த தென்கரோலினாத் தோட்டத்தின் மண்ணையே எடுத்துப் பாண்டம் செய்கிறார்.

கடைசியாகப் பணம். 2021இல் டேவின் ஒரு ஜாடி ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அவருக்கு அந்த உழைப்புக்குக் கூலியே கிடையாது. 2025இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் தன்னிடமிருந்த அவருடைய இரண்டு ஜாடிகளின் உரிமையை அவருடைய வழித்தோன்றல்களுக்கே திருப்பித் தந்தது. அவற்றில் ஒன்றை அவர்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. செய்தவர் தன் பொருளின் மேல் உரிமையை ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதுதான் இதன் பொருள்.

மாணவத் தோழர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். அருங்காட்சியகத்தில் பறைக்கும் பாய்க்கும் பானைக்கும் கீழே ஊர் பெயரும் நூற்றாண்டும் மட்டும் இருந்தால், செய்தவர் பெயர் எங்கே என்று எழுதிக் கேளுங்கள். உங்கள் சேரியில் தோல் பதனிட்ட, பறை கட்டிய, சுவர் எழுப்பிய முதியவர்களின் பெயரையும் வேலையையும் இந்த விடுமுறையிலேயே குறித்துவையுங்கள். அவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.