குட்டி போடாத டிராக்டர்: கலெஸ்டஸ் ஜூமாவும் விதைச் சண்டையும்

முதல் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் குதிரைகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயர் 'அமெரிக்கக் குதிரைச் சங்கம்'. குதிரை, கோவேறு கழுதை வியாபாரத்தை நம்பி இருந்தவர்கள் சேர்ந்து நடத்திய அமைப்பு அது. எதிரி, டிராக்டர். அவர்கள் வைத்த வாதங்களைக் கேலி செய்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. குதிரை நம் நிலத்தில் விளைந்ததைத் தின்கிறது, டிராக்டருக்கு எரிபொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். குதிரைச் சாணம் உரமாகும், டிராக்டர் புகைதான் தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, குதிரை குட்டி போடும். டிராக்டர் போடாது. பழசானால் கம்பெனி வாசலில்தான் போய் நிற்கணும்.

குதிரை என்ற இடத்தில் நாட்டு விதையையும், டிராக்டர் என்ற இடத்தில் மரபணு மாற்றிய விதையையும் போட்டு வாசித்துப் பாருங்கள். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் கேட்டுவரும் அதே வாதம்.

இந்த ஒப்புமையைக் கவனித்தவர் கலெஸ்டஸ் ஜூமா. கென்யாவில் பிறந்து, ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர். 2016இல் அவர் வெளியிட்ட 'புத்தாக்கமும் அதன் எதிரிகளும்' என்ற நூலில் காபி, அச்சு இயந்திரம், மார்ஜரின், டிராக்டர், மின்சாரம், குளிர்பதனம், இசைத்தட்டு என்று வரிசையாக எதிர்ப்புகளின் கதையைச் சொல்லி, கடைசியில் மரபணு மாற்றப் பயிருக்கும் மரபணு மாற்றிய சால்மன் மீனுக்கும் வந்து சேர்கிறார். தலைப்பைப் பார்த்தால் எதிர்ப்பவர்களைத் திட்டும் புத்தகம் என்று தோன்றும். உள்ளே அப்படி இல்லை. 'இவங்க ஏன் எதிர்க்கிறாங்க?' என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிய ஒருவரின் புத்தகம் அது. அந்தக் கேள்விக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதைப் பார்த்தால்தான் அதன் எடை புரியும்.

ஏரிக்கரையிலிருந்து

ஜூமா 1953இல் விக்டோரியா ஏரியின் கென்யக் கரையில் பிறந்தார். முதலில் தொடக்கப்பள்ளி ஆசிரியர். பத்திரிகைக்கு வாசகர் கடிதங்கள் எழுதும் பழக்கம் இருந்தது. அந்தக் கடிதங்கள் வழியாகவே நைரோபியின் 'டெய்லி நேஷன்' நாளிதழில் வேலை கிடைத்து, அறிவியல், சுற்றுச்சூழல் செய்தியாளர் ஆனார். பிறகு நைரோபியில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பில் பணி. அங்கிருந்து இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகம். அறிவியல் கொள்கை ஆய்வுக்குப் பேர்போன இடம் அது. அங்கே முனைவர் பட்டம் முடித்து, 1988இல் நைரோபியில் ஆப்பிரிக்கத் தொழில்நுட்ப ஆய்வு மையத்தைத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டே, 1989இல், 'மரபணு வேட்டைக்காரர்கள்' வெளிவந்தது. ஏகாதிபத்தியங்கள் தாவரங்களைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோன கதையில் தொடங்கி, உயிரித் தொழில்நுட்பம் வந்தபின் விதைகளுக்காக நடக்கும் போட்டி வரை போகும் நூல். இந்த வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. தென் அமெரிக்க மலைகளின் சின்கோனாவை 1860களில் நீலகிரியில் கொண்டுவந்து நட்டதும், பிரேசிலின் ரப்பர் விதை 1876இல் லண்டன் கியூ தோட்டம் வழியாக ஆசியாவுக்கு வந்ததும் இதே கதையின் பக்கங்கள்தான். ஒரு நாட்டின் காட்டில் கிடந்தது இன்னொரு பேரரசின் வருமானமாக மாறியது. செடியைக் கொடுத்த மண்ணுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இப்படி எழுதியவர் பின்னாளில் மரபணு மாற்றப் பயிர்களின் ஆதரவாளர் ஆனதைப் பலர் 'கட்சி மாறிட்டார்' என்றுதான் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு காலத்திலும் அவர் கேட்டது ஒரே கேள்வி: தொழில்நுட்பம் யார் கையில் இருக்கிறது? 1989இல் 'அவங்க கையில மட்டும் இருக்கே' என்பது புகார். பிறகு, 'அப்ப நாம கத்துக்கணும்' என்பது பதில். விதை ஏற்கனவே ஒருமுறை பறிபோயிருக்கிறது; அதற்குப் பின் வந்த அறிவியலையும் நாமே வேண்டாமென்று ஒதுக்கினால் இரண்டாவது முறையும் தோற்போம் என்று அவர் நினைத்தார்.

முன்னெச்சரிக்கை என்னும் கத்தி

1995இல் ஐ.நா. உயிரியல் பன்மய உடன்படிக்கையின் செயலாளராக ஜூமா பொறுப்பேற்றார். அந்த ஆண்டு நவம்பரில் ஜகார்த்தாவில் கூடிய உறுப்பு நாடுகள், மரபணு மாற்றிய உயிரிகள் எல்லை தாண்டிப் போவதை ஒழுங்குபடுத்தத் தனி ஒப்பந்தம் வேண்டும் என்று முடிவெடுத்தன. அந்தப் பேச்சுவார்த்தையின் முதல் ஆண்டுகள் அவர் பதவிக்காலத்தில்தான் நடந்தன. 1998இல் அவர் விலகினார். ஒப்பந்தம் 2000 ஜனவரியில் மான்ட்ரியலில் ஏற்கப்பட்டு, கார்ட்டகேனா நெறிமுறை என்ற பெயரில் 2003இல் அமலுக்கு வந்தது. அறிவியல் முழு உறுதி தராத நிலையிலும், ஆபத்து வரலாம் என்று கருதினால் ஒரு நாடு இறக்குமதியை மறுக்கலாம் என்பது அதன் சாரம்.

படிக்க நியாயமான விதி. ஆனால் அது ஆப்பிரிக்காவில் நடைமுறைக்கு வந்தபோது ஜூமா கவலைப்பட்டார். 2002இல் தென் ஆப்பிரிக்கப் பகுதியில் கடும் வறட்சி. அமெரிக்கா அனுப்பிய உதவி மக்காச்சோளத்தில் மரபணு மாற்றிய தானியம் கலந்திருந்தது. அண்டை நாடுகள் சில, 'மாவாக அரைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம்' என்றன. விதையாக யாரும் விதைத்துவிடக் கூடாது என்பது அவர்கள் பயம். சாம்பியாவின் அதிபர் முவனவாசா மாவும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். பசியில் இருந்த நாடு சோற்றைத் திருப்பி அனுப்பியது என்று உலகம் அதிர்ந்தது. இதன் பின்னால் உடல்நல அச்சம் மட்டும் இல்லை. ஐரோப்பா நம் விளைபொருளை வாங்காமல் போய்விடுமோ என்ற ஏற்றுமதிக் கணக்கும் இருந்தது.

பத்தாண்டு கழித்து அவருடைய சொந்த நாடே அந்த வழிக்குப் போனது. 2012 செப்டம்பரில் பிரெஞ்சு ஆய்வாளர் செராலினியின் குழு, மரபணு மாற்றிய மக்காச்சோளம் தின்ற எலிகளுக்குக் கட்டி வந்ததாக ஒரு கட்டுரை வெளியிட்டது. நவம்பரில் கென்யா மரபணு மாற்றிய உணவு இறக்குமதிக்குத் தடை போட்டது. 2013 நவம்பரில் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தடை மட்டும் 2022 அக்டோபர் வரை நின்றது. அதன் பிறகும் வழக்குகள் ஓயவில்லை. தடையை விமர்சித்தவர்களில் ஜூமாவும் ஒருவர். அது நீங்கியதைப் பார்க்க அவர் இல்லை. 2017 டிசம்பரில், 64 வயதில் காலமானார்.

இதற்கிடையில் அவர் செய்த வேலைகள் பல. ஆப்பிரிக்க ஒன்றியத்துக்காக இஸ்மாயில் செராகெல்தினோடு சேர்ந்து உயிரித் தொழில்நுட்பக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 2011இல் 'புதிய அறுவடை' என்ற நூலில், ஒரு தலைமுறைக்குள் ஆப்பிரிக்கா தன் உணவைத் தானே விளைவித்துக்கொள்ள முடியும் என்று வாதிட்டார். அந்த நூலில் விதை ஒரு சிறு பகுதிதான். சாலை, மின்சாரம், பாசனம், அண்டை நாடுகளுக்குள் தடையில்லாத சந்தை, பெண் விவசாயிகளுக்குக் கல்வி என்பதே பெரும்பகுதி. நல்ல விதை கொடுத்துவிட்டு, விளைந்ததை மழைக்காலத்தில் சந்தைக்குக் கொண்டுபோக ரோடு இல்லையென்றால் என்ன பயன்?

வெண்ணெய்க்காரர்களின் சட்டம்

ஜூமாவின் கடைசி நூலில் எனக்கு மிகப் பிடித்தது மார்ஜரின் அத்தியாயம். 1869இல் மேஜ்-மூரியே என்ற பிரெஞ்சு வேதியியலாளர், மூன்றாம் நெப்போலியன் அறிவித்த பரிசுக்காக, வெண்ணெய்க்கு மலிவான மாற்றாக இதைக் கண்டுபிடித்தார். அது அமெரிக்காவுக்குப் போனதும் பால் பண்ணையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1886இல் மார்ஜரினுக்கு மத்திய வரி. 1902இல் மஞ்சள் நிறம் சேர்த்த மார்ஜரினுக்குப் பவுண்டுக்கு 10 சென்ட். சில மாநிலங்கள் அதற்கு இளஞ்சிவப்புச் சாயம் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று சட்டமே போட்டன. பிங்க் கலர் வெண்ணெயை யார் ரொட்டியில் தடவுவார்கள்? 1898இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாயச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. ஆனால் மத்திய வரி 1950 வரையிலும், விஸ்கான்சின் மாநிலத்தின் மஞ்சள் நிறத் தடை 1967 வரையிலும் நீடித்தன.

மேடையில் பேசப்பட்டது முழுக்க உடல்நலம், கலப்படம், தூய்மை. அடியில் ஓடியது பால் பண்ணையாளரின் வருமானம். ஜூமா இதிலிருந்து எடுக்கும் முடிவு இதுதான்: மக்கள் புதியதைக் கண்டு பயப்படுவதில்லை. இழப்பைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். அந்த இழப்பு காசாக இருக்கலாம், அடையாளமாக இருக்கலாம், வாழ்க்கை முறையாக இருக்கலாம். லாபம் சிலருக்கும் ஆபத்து பலருக்கும் என்று தோன்றினால் எதிர்ப்பு கடுமையாகும்.

மென்பொருள்காரனான எனக்கு இதை நம்பக் கஷ்டமே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நூற்பாலைக்குச் சரக்கு இருப்பு மென்பொருள் நிறுவும் குழுவில் இருந்தேன். ஸ்டோர் கீப்பர் ஒருவர், முப்பது வருட சர்வீஸ். "சிஸ்டம் தப்பா காட்டுதுங்க தம்பி" என்று தினம் ஒரு குறை சொல்வார். குழுவில் இருந்தவர்களுக்கு அவர் மாற்றத்தை விரும்பாத பழைய ஆள். ஆனால் எந்த உதிரிப்பாகம் எந்த அலமாரியில் என்பது அதுவரை அவர் நோட்டிலும் தலையிலும்தான் இருந்தது. மில் முழுக்க அவரைக் கேட்டுத்தான் நடக்கும். கணினி வந்ததும் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர் இழக்கப்போவது என்ன என்று எங்கள் திட்ட அறிக்கையில் ஒரு வரி கூட இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் சொன்ன குறைகளில் பாதி உண்மையாகவே மென்பொருளின் பிழைகள்.

பாதி உண்மை

அந்தப் பாதியில்தான் ஜூமாவோடு எனக்குக் கருத்து வேறுபாடு. எதிர்ப்பை 'இழப்பு பற்றிய அச்சம்' என்று விளக்கிவிட்டால், எதிர்ப்பவர் சொல்வது சரியா என்று பார்க்க வேண்டிய அவசியமே போய்விடுகிறது. நோயாளி வலி என்கிறார். மருத்துவர் அவருடைய மனநிலையை ஆராய்கிறார் என்பது மாதிரி.

புர்கினா ஃபாசோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் அங்கே பி.டி. பருத்தி வந்தது. சில ஆண்டுகளில் நாட்டின் பருத்திப் பரப்பில் பாதிக்கு மேல் அதுதான். மருந்தடிப்பு குறைந்தது, விவசாயிகளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் பஞ்சின் இழை நீளம் குறைந்தது. நீள இழைக்காகவே உலகச் சந்தையில் நல்ல விலை பெற்ற பருத்தி அது. பருத்தி நிறுவனங்கள் நஷ்டப்பட்டு, 2016 வாக்கில் பழைய ரகங்களுக்கே திரும்பின. இதில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது? பொருளில் குறை இருந்தது, வாங்கியவர் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 2015இல் பாஸ்டன் குளோப் நாளிதழ், ஜூமா எழுதிய ஒரு கொள்கைக் கட்டுரைக்கு மான்சாண்டோ நிறுவனம் பொருளும் தலைப்பும் பரிந்துரைத்திருந்தது என்றும், அந்தத் தொடர்பைக் கட்டுரையில் அவர் சொல்லவில்லை என்றும் செய்தி வெளியிட்டது. தான் பணம் எதுவும் வாங்கவில்லை, எழுதியவை தன் கருத்துகளே என்றார் ஜூமா. கருத்துகள் அவருடையவைதான், 'புதிய அறுவடை'யைப் படித்தவருக்கு அது தெரியும். ஆனாலும் எதிர்ப்பின் வேர் நம்பிக்கையின்மை என்று நன்றாகவே அறிந்தவர் அவர். எங்கிருந்து வந்த யோசனை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த ஒரு வரி இல்லாததால், அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதையும் 'கம்பெனிக்காரன் பேச்சு' என்று ஒதுக்க மற்றவர்களுக்கு வசதியாகிவிட்டது.

கோவையில் இருந்த விதை

இந்த விவாதம் நம் ஊருக்கும் வந்தது. 2009 அக்டோபரில் மத்திய அரசின் ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 ஜனவரி தொடங்கி ஏழு நகரங்களில் பொதுக் கருத்துக் கேட்பு நடத்தி, பிப்ரவரி 9 அன்று காலவரையின்றி நிறுத்தி வைத்தார். கத்தரிக்கு இந்த மண் தாய்வீடு, சுதந்திரமான சோதனை போதாது, மாநிலங்கள் ஒப்பவில்லை என்பவை அவர் தந்த காரணங்களில் சில. அவற்றில் எதையும் மூடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தக் கூச்சலில் ஒரு விஷயம் கவனிக்கப்படாமல் போனது. கத்தரியில் இரண்டு வகை இருந்தது. ஒன்று தனியார் நிறுவனத்தின் வீரிய ஒட்டு ரகங்கள். விவசாயி ஆண்டுதோறும் விதை வாங்கியாக வேண்டும். இன்னொன்று கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தார்வாட் பல்கலைக்கழகமும் உள்ளூர் ரகங்களில் அதே மரபணுவைச் சேர்த்து உருவாக்கியவை. ஒட்டு ரகம் அல்லாததால் விவசாயி தன் தோட்டத்திலேயே விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதாவது, குட்டி போடும் டிராக்டர். குதிரைச் சங்கத்தின் மிக வலுவான வாதத்துக்கு, நம் பல்கலைக்கழகக் கூடத்திலேயே ஒரு பதில் இருந்தது. தடை இரண்டையும் சேர்த்தே நிறுத்தியது.

வங்கதேசம் அந்த இரண்டாவது பாதையில் போனது. அங்கே அரசு வேளாண் ஆய்வு நிறுவனத்தின் நான்கு ரகங்களுக்கு 2013 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்து, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று தரப்பட்டது. பிறகு ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பரவியது. அங்கும் எதிர்ப்பு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் 'அடுத்த வருஷ விதைக்கு யார்கிட்ட கையேந்தணும்?' என்ற கேள்வியின் கூர்மை அங்கே குறைந்துவிட்டது.

இங்கே காய்த்துளைப்பானுக்கு எதிராக மருந்தடிப்பு தொடர்கிறது. அந்த மருந்தோடுதான் கத்தரிக்காய் சந்தைக்கு வருகிறது. அதை எந்தக் கருத்துக் கேட்பும் இல்லாமல் நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். மறுபடி இப்படியொரு விதை ஒப்புதலுக்கு வரும்போது, பாதுகாப்பானதா என்ற கேள்வியோடு இன்னும் இரண்டையும் கேட்டாக வேண்டும்: இதில் யாருக்கு என்ன நஷ்டம்? விவசாயி இதன் விதையை எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா? முதலாவது ஜூமா நமக்குக் கற்றுக்கொடுத்தது. இரண்டாவது, தோற்றுப்போன அந்தக் குதிரைக்காரர்கள் கேட்டது.