கணைய அழற்சியும் குருதி கூறும் சான்றும்

நோய் இன்னதென்று அறிதல் வேறு. அந்நோய் எதில் சென்று முடியும் என்று அறிதல் வேறு. மருத்துவ வரலாற்றில் இவ்விரண்டு அறிவும் ஒருங்கே கைவந்தவை அல்ல. கடுங்கணைய அழற்சியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கணையம் இரைப்பையின் பின்புறத்தில் குறுக்காக அமைந்த ஒரு சுரப்பி. உணவைச் செரிக்கச் செய்யும் நீரைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது அதன் தொழில். பித்தக்கல் வழியை அடைப்பதாலோ, மிகுந்த மதுப்பழக்கத்தாலோ, பிற காரணங்களாலோ அந்நீர் உரிய இடம் சேருமுன்பே வினைபுரியத் தொடங்கிவிட்டால், சோற்றைச் செரிக்க வேண்டியது சுரப்பியையே செரிக்கத் தலைப்படும். பிராக் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் கியாரி 1896ஆம் ஆண்டில் இக்கருத்தை வெளியிட்டார். அதற்கு ஏழாண்டுகட்கு முன்னரே, 1889இல், பாஸ்டன் நகர மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் இந்நோயின் அடையாளங்களைத் தொகுத்து முறைப்படுத்தியிருந்தார். அதுவரை பெரும்பாலும் பிணச்சோதனையிலேயே தெரியவந்த நோய், அதன்பின் உயிருள்ள மனிதரிடத்தும் ஐயுற்று ஆராயப்படும் நோயாயிற்று.

ஐயத்தைத் தெளிவாக்கும் சோதனை அடுத்து வந்தது. மாவுப் பொருளைச் சிதைக்கும் அமிலேஸ் என்னும் நொதியைச் சிறுநீரில் அளக்கும் முறையை 1908இல் பெர்லினில் வோல்கெமுத் வகுத்தார். 1929இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகர மருத்துவர்கள், அந்நொதியைக் குருதியிலேயே அளந்து கணைய நோயை அறியலாம் எனக் காட்டினர். எனினும் இச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. நோய் இருக்கிறது என்று அது சொல்லும். நோயின் கொடுமையைச் சொல்லாது. நொதி மிக உயர்ந்தவர் சில நாளில் எழுந்து நடப்பதுண்டு. சற்றே உயர்ந்தவர் மாண்டுபோவதும் உண்டு.

இவ்வேறுபாடு சிறிதன்று. இந்நோயுற்றோரில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் ஓய்வினாலும் நீரூட்டத்தாலும் தேறிவிடுவர். எஞ்சியோருக்கு நோய் கடுமையாகி, அவருள் பலருக்கு நுரையீரலும் சிறுநீரகமும் தளரும். முதல் நாளில் இருசாராரும் ஒரே வலியோடு ஒரே வகைக் கட்டிலில் கிடப்பர். யாரைத் தீவிரக் கண்காணிப்பில் வைப்பது, யாரைப் பொதுக் கூடத்தில் விடுவது என்னும் கேள்விக்கு அமிலேஸ் விடை தராது.

விடையின் ஒரு பகுதி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியாக் காய்ச்சலை ஆராய்ந்தனர். அக்கிருமியிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்னும் பொருளோடு நோயாளியின் குருதிநீரைக் கலந்தபோது வீழ்படிவு உண்டாயிற்று. நோய் தணிந்ததும் அது மறைந்தது. அவ்வாறு வினைபுரிந்தது ஒரு புரதமே என 1941இல் நிறுவப்பட்டது. அதுவே சி-வினைப் புரதம். அது நிமோனியாவுக்கு மட்டும் உரியதன்று. உடலில் எங்கு அழற்சி மிகினும் கல்லீரல் அதனை மிகுதியாக ஆக்கும். நோயின் பெயரைச் சொல்ல உதவாத அப்பண்பே அழற்சியின் அளவைச் சொல்லத் துணையாயிற்று.

1974இல் நியூயார்க் அறுவை மருத்துவர் ஜான் ரான்சன் 11 குறிகளைத் தொகுத்தார். அனுமதிக்கும்போது 5, அடுத்த 48 மணி நேரத்தில் 6. வயது, வெள்ளணுக்கள் 16,000க்கு மேற்படுதல், சருக்கரை உயர்தல், சுண்ணச்சத்துக் குறைதல் முதலியன அவற்றுள் அடங்கும். மூன்றும் அதற்கு மேலும் காணின் நோய் கடுமையாகலாம். பயனுள்ள பட்டியலே, ஆயினும் முழுமைபெற இரண்டு நாள் ஆகும்.

1980களில் சி-வினைப் புரதம் இந்நோயில் அளந்து பார்க்கப்பட்டது. நலமுடையாரிடம் அது பொதுவாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் அடங்கும். 48 மணி நேர அளவில் 150ஐத் தாண்டுவது கொடுமைக்கு அறிகுறி எனப் பின்னர் பரவலாகக் கொள்ளப்பட்டது. எளிய சோதனை, சிறு செலவு. ஆனால் கல்லீரல் அதனை ஆக்கக் காலம் வேண்டுமாதலின், முதல் நாளில் அளவு குறைந்திருப்பது ஆறுதலுக்கு இடமாகாது. கல்லீரலைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 முன்னதாகவே உயர்கிறது.

குறியறிதல் மருந்தறிதல் ஆகாது என்பதை நெதர்லாந்து ஆய்வொன்று துயரத்தோடு உணர்த்தியது. சி-வினைப் புரதம் உள்ளிட்ட குறிகளால் கடுநோய் வரும் எனக் கருதப்பட்ட 298 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு நன்மை பயக்கும் எனக் கருதிய நுண்ணுயிர்கள் ஊட்டப்பட்டன. 2008இல் வெளியான முடிவின்படி அவர்களுள் 100க்கு 16 பேர் இறந்தனர். ஊட்டப்படாதாருள் 100க்கு 6 பேர். நோயாளரைத் தெரிந்தெடுக்கக் குறிகள் உதவின; காக்க அவற்றால் இயலவில்லை.

2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு, உறுப்புத் தளர்ச்சி 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தலையே கடுமையின் இலக்கணமாக வைத்தது. குருதிக் குறி முன்னறிவிப்பு, தீர்ப்பு அன்று. ஒரே எண்ணை நம்பி அமைதி கொள்ளாது, நோயாளியின் மூச்சையும் சிறுநீரையும் நாழிகைதோறும் கவனிக்கும் மருத்துவருக்கே அக்குறியின் முழுப்பயனும் கிட்டும்.