வாடகைக் கடையில் வளர்ந்த சினிமா

1958-ஆம் ஆண்டில் ஜப்பானியக் கொட்டகைகளில் விற்ற டிக்கெட்டுகள் ஏறத்தாழ 112 கோடி. 1989-இலோ அத்தொகை 14 கோடிச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. முதலில் தொலைக்காட்சியும் பின்னர் வீடியோ நாடாவும் ஜனங்களை வீட்டோடு நிறுத்திக்கொண்ட அக்காலத்தில், அடிதடிப் படங்களால் செல்வாக்கடைந்திருந்த தோயெய் ஸ்தாபனத்தார், கொட்டகையை மறந்த ரசிகன் தெருமுனை வாடகைக் கடையில் நிற்பதைக் கண்டு, அவன் நிற்குமிடத்துக்கே சரக்கைக் கொண்டுபோகத் துணிந்தார்கள். சித்திரப் படக்காரர்கள் 1983-லேயே மாமொரு ஓஷியின் ‘டாலொஸ்’ மூலம் இவ்வழியைத் திறந்துவிட்டிருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1989 மார்ச்சில் நேரே நாடாவாக வெளிவந்த ‘கிரைம் ஹண்டர்’, தோயெய்யின் தலைப்பிள்ளை. தோழனைப் பறிகொடுத்த போலீஸ்காரன் பழிதீர்க்கும் கதை, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ‘வி-சினிமா’ என்று அவர்கள் இட்ட வியாபார முத்திரை, பிற கம்பெனிகளும் பின்தொடரவே, அவ்வகைப் படம் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று.

இவற்றில் பெரும்பாலானவை ஒருமுறை பார்ப்பதற்கே பொறுமை வேண்டுபவை. ஒசாகா லேவாதேவிக்காரனாக ரிகி தகெயுச்சி நடித்த தொடர், 1992-இல் தொடங்கி ஐம்பது படங்களையும் தாண்டி நீண்டது! ஆயினும், கைம்முதல் சிறிதாயிருந்தமையால் முதலாளியின் கண்காணிப்பும் சிறிதாகவே இருந்தது; குறித்த தொகைக்குள், குறித்த நாளில், நாடாவின் உறைக்கு வேண்டிய துப்பாக்கியும் பழகிய முகமும் அமைந்துவிட்டால், நடுவே டைரக்டர் செய்யும் விஷமத்தைத் தட்டிக்கேட்பார் இல்லை. பழைய ஸ்டூடியோக்களில் உதவி டைரக்டராக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து தொழில் பயிலும் வழக்கம் க்ஷீணித்துவிட்ட நிலையில், இளைஞர்களுக்கு இதுவே குருகுலமாயிற்று. டைரக்டர் தகாஷி மீகே 1991 முதல் இங்கேதான் உழன்றார். நாடாவுக்கென அவர் எடுத்த ‘ஃபுடோ’ 1996-இல் கொட்டகையேறிற்று. புகழ்பெற்ற டைரக்டர் அகிரா குரோசாவாவுக்கு உறவினரல்லாத கியோஷி குரோசாவா, நடிகர் ஷோ ஐகாவாவைக் கொண்டு 1995-96-இல் ஆறு ஹாஸ்யப் படங்களை அடுத்தடுத்து முடித்தார். அந்த வேகம் படிந்த கையே மறு ஆண்டில் ‘க்யூர்’ என்ற அற்புதத்தைச் செய்தது.

கியோஷி குரோசாவாவின் மாணாக்கர் தகாஷி ஷிமிஸு, 2000-இல் ‘ஜூ-ஆன்’ என்ற பேய்க்கதையை இரண்டு நாடாக்களாக எடுத்தார். அது கொட்டகைப் படமாக வளர்ந்து, 2004-இல் ஹாலிவுட்டுக்கும் சென்று, அமெரிக்காவில் மட்டும் 11 கோடி டாலர் ஈட்டியது. அங்கும் டைரக்டர் ஷிமிஸுவே. மலிவு நாடாவில் பேயாகப் படிக்கட்டில் ஊர்ந்திறங்கிய தகாகோ புஜியே, ஹாலிவுட் படத்திலும் அதே பேயாக ஊர்ந்து வந்தார்.