சிங்கப்பூரில் ஒலி ஒழுங்குமுறையும் தமிழர் அண்டை வாழ்வும் (1964–2016)

ஆய்வுச் சுருக்கம்

அயல்நாடுகளில் அண்டை வீட்டாரிடையே எழும் ஒலிப் பூசல்கள் பெரும்பாலும் பண்பாட்டு வேறுபாட்டின் விளைவாகவே விளக்கப்படுகின்றன. சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றை நோக்குமிடத்து, குடியிருப்பின் அமைப்பும் அரசின் ஒழுங்குமுறையும் அப்பூசல்களுக்கு வடிவம் தந்தமை புலப்படுகிறது. ஒலியைத் தொல்லையாகவும் ஒழுங்குச் சிக்கலாகவும் மட்டும் கண்ட ஒழுங்குமுறை, அவ்வொலி எதற்குப் பயன்படுகிறது என்பதைப் போதிய அளவு கருதவில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சிங்கப்பூர்த் தமிழர், அடுக்குமாடிக் குடியிருப்பு, தைப்பூசம், ஒலி ஒழுங்குமுறை

கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதற்கு முன்னர்ச் சிங்கப்பூர்த் தமிழரில் பெரும்பகுதியினர் தொழிலைச் சார்ந்தே குடியிருந்தனர். சிராங்கூன் சாலை, தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதி, செம்பவாங் கடற்படைத் தளம் ஆகிய இடங்களில் அயலார் பலர் ஒரே தொழிலினராகவும் ஒரே மொழியினராகவும் இருந்தனர். அடுத்த வீட்டு மேளம் எதன்பொருட்டு ஒலிக்கிறது என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தபோது ஒலியின் இயல்பே மாறியது. மண்தரையில் வைத்த உரலின் அதிர்வைப் பெரும்பாலும் மண்ணே உள்வாங்கிவிடும். கான்கிரீட் தளத்தில் அவ்வதிர்வு கட்டடத்தின் வழியே பரவிக் கீழ்வீட்டுக் கூரையில் ஒலிக்கும். மேலே மசாலை இடிபடுவதைக் கீழிருப்பவர் காண்பதில்லை. அவர் கேட்பது காரணம் அறியாத தட்டலோசை மட்டுமே. பழக்கம் பழையதாகவே இருக்க, அதைத் தொல்லையாக்கியது தரையின் தன்மை. பண்பாட்டு வேறுபாடு பற்றிய ஆய்வுகள் இவ்விடத்தில் கட்டடப் பொறியியலையும் கணக்கில் கொள்ளுதல் நலம்.

1989ஆம் ஆண்டின் இன ஒருங்கிணைப்புக் கொள்கை அயலாரின் சேர்க்கையையும் வரையறுத்தது. இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு கட்டடத்தில் 13 விழுக்காட்டிற்கு மேற்படக்கூடாது என்பது தொடக்க வரம்பு. 2010இல் அது 15 ஆக உயர்த்தப்பட்டது. இனவாரியாகப் பிரிந்த குடியிருப்புகள் உருவாவதைத் தடுப்பது இதன் நோக்கம். தமிழ்க் குடும்பத்தின் மேலும் கீழும் இருமருங்கும் வேற்றினத்தார் வாழ்வது இதனால் ஏறக்குறைய உறுதியாயிற்று. சீனருக்குரிய வரம்பு நிரம்பிய கட்டடத்தில் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. எனவே அயலாருடன் ஒத்துப்போகாவிடில் விற்றுவிட்டு வேறிடம் செல்லும் வழியும் சிறுபான்மையினருக்குக் குறுகியதாகவே இருந்தது.

பாங்கும் மேளமும்

1964ஆம் ஆண்டு ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது இனக்கலவரம் மூண்டது. அதன்பின் சமய நடை ஊர்வலங்கள் தடைசெய்யப்பட்டன. தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய இந்து ஊர்வலங்களுக்கு மட்டும் விலக்கு வழங்கப்பட்டது. ஆயினும் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் தடைசெய்யப்பட்டன. போட்டிக் குழுக்களிடையே நிகழ்ந்த சச்சரவுகள் ஊர்வலத்திற்கு இடையூறு விளைவித்தன என்பது அரசு கூறிய காரணம். தைப்பூசம் 1968இலேயே பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தமையும் இங்கு நினைக்கத்தக்கது.

1974இல் ஒலி மாசுக்கு எதிரான இயக்கத்தின்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளை உட்புறம் திருப்புமாறு கோரப்பட்டது. அதற்கு ஈடாகப் பாங்கு வானொலியில் ஒலிபரப்பாயிற்று. இசையியல் ஆய்வாளர் டோங் சூன் லீ இதனை 1999இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்துள்ளார். தெருவிலிருந்து நீங்கிய பாங்கு வானொலி வழியே இல்லந்தோறும் சென்று, சிதறி வாழ்ந்த முஸ்லிம்களை ஒரே நேரத்தில் இணைத்தது என்பது அவர் கண்ட முடிவு.

இந்த ஈட்டைத் தைப்பூச மேளத்திற்குப் பொருத்திப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பாங்கு தொழுகை நேரத்தை அறிவிப்பது. அதனை வேறொரு கருவி ஏந்திச் செல்ல முடியும். உறுமியும் தவிலும் காவடி சுமப்பவரின் நடைக்குத் துணை நிற்பவை. சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவை அலகு குத்தி நடப்பவருக்கு வானொலி எவ்வகையிலும் ஈடாகாது. அரசின் பொது ஒழுங்குக் கவலை பொய்யானதன்று. மற்றச் சமயத்தார்க்கு இல்லாத விலக்கு இந்துக்களுக்கு இருந்ததும் உண்மை. எனினும் ஊர்வலத்தை அனுமதித்து அதன் தாளத்தை மட்டும் நீக்கியது, வழிபாட்டின் ஓர் உறுப்பை அலங்காரமாகக் கருதியதன் விளைவே எனலாம்.

சமரசமும் அதன் எல்லையும்

1998இல் தொடங்கிய சமூக மத்தியஸ்த நிலையம் அண்டை வீட்டுப் பூசல்களைப் பேசித் தீர்க்க முயன்றது. அங்கு முன்னர்த் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு 2011இல் நாளிதழ் வாயிலாக மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது. சீனாவிலிருந்து வந்த குடும்பம் அயலாரான இந்தியக் குடும்பத்தின் குழம்பு மணத்தைத் தாங்க இயலாமல் முறையிட்டதும், அவர்கள் வீட்டில் இல்லாத வேளையில் மட்டும் குழம்பு சமைக்க இந்தியக் குடும்பம் இசைந்ததும் பெருஞ்சினத்தை எழுப்பின. 2011 ஆகஸ்டு 21 அன்று பல இனத்தவரும் குழம்பு சமைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினர். இத்தீர்வை நடுவர் விதிக்கவில்லை, தரப்பினரே ஏற்றனர் என அரசு விளக்கியது. விளக்கம் சரியே. இருப்பினும் வரம்பிற்குட்பட்ட சிறுபான்மைக் குடும்பம் அயலாருடன் பேச அமர்கையில் எவர் விட்டுக்கொடுப்பது எளிதாகிறது என்ற வினா அதனால் மறைந்துவிடவில்லை.

நான்காண்டுகளுக்குப் பின் அதே வினா தெருவில் எழுந்தது. 2015 தைப்பூசத்தன்று மேளம் இசைத்தது தொடர்பாகக் காவலருடன் எழுந்த கைகலப்பில் மூவர் கைது செய்யப்பட்டனர். சிங்க நடனத்திற்கு மேளம் உண்டெனில் காவடிக்கு ஏன் இல்லை எனத் தமிழர் பலர் கேட்டனர். சிங்க நடனம் சமய ஊர்வலம் அன்று என்பது அரசின் விடை. 2016இல் ஊர்வலப் பாதையின் மூன்று இடங்களில் நேரடி இசை அனுமதிக்கப்பட்டது; பின்னாளில் இசை ஒலிக்கும் இடங்கள் கூட்டப்பட்டன. ஓரிடத்திற்கும் அடுத்த இடத்திற்கும் இடைப்பட்ட தொலைவைக் காவடியாளர் மேளமின்றியே கடந்தனர்.