ஒற்றைப் பீரங்கிக் கப்பல்

சேர்வராயன் மலைக்கும் கடலுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. தெளிவான நாளில் ஏற்காட்டுப் பாறைமுனைகளில் நின்றால் மேட்டூர் அணை நீர் மின்னுவது தெரியும். அதுதான் நமக்குக் கண்ணுக்கெட்டிய பெருங்கடல். ஆனாலும் இந்த வாரம் மலையை விட்டு இறங்கி, இந்தியப் பெருங்கடலின் நட்டநடுவே போகிறோம். நாள்: 1942 நவம்பர் 11.

அன்று கோக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே இரண்டு கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. ஒன்று ஒண்டினா, டச்சு எண்ணெய்க் கப்பல். மற்றது அதற்குத் துணையாக வந்த பெங்கால், அப்போதைய ராயல் இந்தியக் கடற்படையைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு டீகோ கார்சியாவை நோக்கிப் பயணம். பெங்கால் சிட்னியில் கட்டி முடித்து மூன்று மாதமே ஆன கப்பல். உண்மையில் அது கண்ணிவெடி வாரும் கப்பல்தான். நீளம் 186 அடி, வேகம் 15 நாட். நான்கு அங்குலப் பீரங்கி பொருத்த வேண்டிய இடத்தில், தட்டுப்பாடு காரணமாக, 12 பவுண்டர் ஒன்றை மாட்டி அனுப்பியிருந்தார்கள். அது எய்யும் குண்டு ஐந்தரைக் கிலோ. ஒருவர் தூக்கிக் கொடுக்க, இன்னொருவர் வாங்கிக் குழாயில் நுழைக்க, அடைப்பை மூடிச் சுட வேண்டும். மறுபடியும் அதே வேலை. கப்பலின் தளபதி லெப்டினன்ட் கமாண்டர் வில்சன். மாலுமிகள் பெரும்பாலும் இந்தியர்கள்.

நண்பகலுக்குச் சற்று முன்னே அடிவானத்தில் இரண்டு கப்பல்கள் தெரிந்தன. ஜப்பானின் ஹோகோகு மாரு, ஐகோகு மாரு. தலா பத்தாயிரம் டன்னுக்கு மேல். பார்வைக்குச் சரக்குக் கப்பல், உள்ளே போர்க்கப்பல். ஒவ்வொன்றிலும் எட்டுப் பெரிய பீரங்கிகள், டார்ப்பிடோக்கள், கடல் விமானங்கள். பெங்கால் ஓட நினைத்தாலும் தப்ப முடியாத வேகம். அந்த ஆண்டு மே மாதம் ஜெனோட்டா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலையும், ஜூலையில் ஹவ்ராக்கி என்ற இன்னொரு கப்பலையும் பிடித்துக்கொண்டு போனவை இவைதான்.

வில்சன் செய்தது, கணக்குப் பார்ப்பவர் செய்ய மாட்டாத வேலை. ஒண்டினாவைத் தப்பி ஓடும்படி சைகை கொடுத்துவிட்டு, தன் கப்பலை எதிரியின் மேல் நேராகத் திருப்பினார். தூரத்தில் நின்றால் 12 பவுண்டர் எதற்கும் ஆகாது. கிட்டே போனால்தான் கொஞ்சமாவது கடிக்கும். ஏற்காட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்புவதுபோல் இடமும் வலமும் வளைந்து வளைந்து, சுற்றிலும் தண்ணீர் தூணாக எழும்ப, பெங்கால் முன்னேறியது.

ஒண்டினாவின் தலைவர் ஹோர்ஸ்மனோ ஓடவில்லை. அவரிடமும் நான்கு அங்குலப் பீரங்கி ஒன்றே ஒன்றும், 32 குண்டுகளும் இருந்தன. சண்டை சூடு பிடித்த சில நிமிடங்களிலேயே ஹோகோகு மாருவின் பின்பகுதியில் குண்டு விழுந்து தீப்பற்றியது. பெருவெடிப்பு. பத்தாயிரம் டன் கப்பல் சிறிது நேரத்தில் கடலுக்குள் போய்விட்டது.

யார் போட்ட குண்டு? இந்தியப் பக்கம் பெங்காலின் குண்டு என்றார்கள். டச்சுக்காரர்கள் ஒண்டினாவின் குண்டு என்றார்கள். இரு தரப்பையும் படித்தால் எனக்கு ஒண்டினா பக்கம்தான் சாய்வு. அவ்வளவு பெரிய கப்பலைச் சாய்க்க நான்கு அங்குலம் கொஞ்சமாவது பொருந்தும், 12 பவுண்டர் பொருந்தாது. ஆனால் பெங்கால் குறுக்கே பாயாதிருந்தால் ஒண்டினாவுக்கு அந்த 32 குண்டுகளைச் சுட நேரம் கிடைத்திருக்குமா? புகழைப் பங்கு போடுபவர்கள் இதை யோசிப்பதில்லை.

அதன் பிறகு ஐகோகு மாரு தனியாகவே இருவரையும் கவனித்துக்கொண்டது. பெங்காலில் குண்டுகள் ஏறக்குறையத் தீர்ந்தன, பின்பகுதியில் தீ. புகைமிதவைகளும் சரியாக வேலை செய்யவில்லை. ஒண்டினா முடிந்தது என்று எண்ணி வில்சன் விலகிப் போனார். டீகோ கார்சியா சேர்ந்தபோது கப்பலில் ஓர் உயிரும் போகவில்லை.

ஒண்டினா முடியவில்லை. குண்டுகள் தீர்ந்து, கப்பலைக் கைவிட உத்தரவிட்ட ஹோர்ஸ்மன் அங்கேயே குண்டுபட்டு இறந்தார். ஜப்பானியர் டார்ப்பிடோ போட்டார்கள். உயிர்காப்புப் படகுகளில் இருந்தவர்களைத் துப்பாக்கியால் சுட்டார்கள். தொட்டிகள் எண்ணெய் இன்றிக் காலியாக இருந்ததால் கப்பல் மட்டும் மூழ்கவில்லை. ஐகோகு மாரு போன பிறகு, முதல் அதிகாரி ரெவிங்கெல் தலைமையில் மிஞ்சியவர்கள் மறுபடி ஏறித் தீயணைத்து, இயந்திரத்தை ஓட்டி, ஒரு வாரத்தில் ஃப்ரீமாண்டில் வந்து சேர்ந்தார்கள். மூழ்கிவிட்டதாகச் சொல்லப்பட்ட கப்பல் வாயிலில் வந்து நின்றால் காவலர்களுக்குச் சந்தேகம் வருமா, வராதா?

வில்சனுக்கு டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது. அவர் எழுதிய அறிக்கை இன்றும் பேசுகிறது. அவர் கண்ட சண்டை அது: கப்பலின் கட்டளை மேடையிலிருந்து. ஆனால் பீரங்கியருகே நின்று ஐந்தரைக் கிலோ குண்டைக் கை மாற்றி மாற்றித் தூக்கியவனுக்கு எதிரியின் முகப்பு கூடத் தெரிந்திருக்காது. புகையும் சூடும் முதுகுக்குப் பின்னால் கேட்ட கட்டளையும்தான். இதே கதையை அவன் சொல்லியிருந்தால் வேறு கதையாக இருந்திருக்கும். பின்னாளில் இந்தியக் கடற்படையின் மேல்தட்டில் நினைவுக் குறிப்பு எழுதியவர்கள் உண்டு: 1971 போரில் கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்தை நடத்திய தமிழர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணனின் தன்வரலாறு அதில் முக்கியமானது. கீழ்த்தட்டுக்குப் பேனா கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ராயல் இந்தியக் கடற்படையில் 25,000-க்கும் மேற்பட்டோர். 1939-இல் இரண்டாயிரத்தைக்கூடத் தொடாத படை. சண்டையில் ஆங்கிலேயரோடு சரிசமமாக நின்றவர்களுக்குச் சாப்பாட்டிலும் சம்பளத்திலும் பேச்சிலும் சமம் இல்லை. அந்தக் கசப்பு 1946 பிப்ரவரியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்தது. அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)