சூதுக் குத்தகையும் சுழல்வட்டும்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். வணிகரை ஈர்க்கும் பொருட்டு வரும் கப்பல்களுக்குச் சுங்கவரி இல்லை என்பது தொடக்கக் காலக் கொள்கையாக இருந்தது. சுங்கம் இல்லாத துறைமுகத்தில் காவலர்க்கு ஊதியமும் சாலைக்குக் கல்லும் எங்கிருந்து வரும்? குடியேறிய மக்களின் பழக்கங்களிலிருந்தே வந்தன. அபின், சாராயம், சூது ஆகியவற்றை நடத்தும் தனியுரிமையைக் கம்பெனியார் குத்தகைக்கு விட்டனர். பெருந்தொகை கொடுக்க முன்வந்தவர் குத்தகைக்காரரானார். அரசுக்கு உரியதைக் கட்டிவிட்டு எஞ்சியதைத் தமதாக்கிக்கொண்டார்.

இம்முறையில் அரசின் கை கறைபடவில்லை என்பதே இதன் சிறப்பு என்று ஆட்சியாளர் கருதினர் போலும். ஆனால் குத்தகைப் பணம் வானிலிருந்து விழுவதில்லை. ஆடுவோர் வென்றாலும் தோற்றாலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பங்கு ஆட்டக்களத்துக்குச் சேர்ந்தாக வேண்டும். அப்பங்கு எவ்வளவு என்பதே ஒரு சூதையும் மற்றொரு சூதையும் ஒப்பிடுவதற்குரிய அளவுகோல்.

பினாங்கில் சூதுக் குத்தகை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. சிங்கப்பூரிலோ பெரும் வழக்காடலே நிகழ்ந்தது. 1823இல் ராஃபிள்ஸ் அதனைத் தடைசெய்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற கிராஃபர்ட் மீண்டும் கொணர்ந்தார். 1829இல் அது முடிவுற்றது. அபின், சாராயக் குத்தகைகள் அவ்வாறு ஒழியவில்லை. லீத் தெருவில் இன்றும் காண்போர் வியக்க நிற்கும் நீல மாளிகையைக் கட்டிய சியோங் ஃபாட் சே, அத்தகைய குத்தகைகளாலும் செல்வம் குவித்தவரே. பேராக், சிலாங்கூர் முதலிய கூட்டு மலாய் மாநிலங்களில் ஈயச் சுரங்கத் தொழிலாளரை நம்பிச் சூதுக் குத்தகை 1912 வரை நீடித்தது. பாரதியாரின் பாஞ்சாலி சபதம் முதற்பாகம் வெளிவந்ததும் அதே 1912ஆம் ஆண்டே என்பது ஈண்டு நினைவுகொள்ளத்தக்க பொருத்தம்.

சட்டம் கதவை அடைத்ததும் சூது சந்துக்குள் புகுந்தது. பினாங்குத் தெருக்களில் நெடுங்காலம் வழங்கிய களவாட்டங்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று சாப் ஜி கீ. சீனச் சதுரங்கக் காய்களின் பெயரால் சிவப்பு ஆறும் கறுப்பு ஆறுமாகப் பன்னிரண்டு குறிகள். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து பணம் கட்டுதல் வேண்டும். மற்றொன்று 36 உருக்களைக் கொண்ட ஹுவா ஹோய். இரவில் கண்ட கனவுக்கு ஏற்ற உருவைத் தேடிப் பணம் கட்டுவோர் பலர். பணம் திரட்டுவோர் வீட்டு வாயிலுக்கே வந்தனர். இல்லத்தரசியரின் சில்லறைக் காசையும் மறுத்தாரில்லை.

இவ்வாட்டங்களின் கணக்கை ஒரு மாணவனே போட்டுவிடலாம். சாப் ஜி கீயில் வென்றவர்க்குக் கிடைப்பது பத்து மடங்கு. பன்னிரண்டு குறிகளிலும் ஒவ்வொரு வெள்ளி வைத்தால் பன்னிரண்டு வெள்ளி போய்ப் பத்து வெள்ளி மீளும். ஹுவா ஹோயில் 36 வெள்ளி போய் 30 மீளும். இரண்டிலும் ஆறில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 16.67, நடத்துவோர்க்கு உரியது. பழந்தமிழ் அரசர் விளைச்சலில் பெற்றதாகக் கூறப்படும் பங்கும் ஆறில் ஒன்றே! அரசர் அதற்கு ஈடாகக் காவல் தந்தனர். இவர்கள் எதுவும் தந்தாரில்லை.

இனி மேனாட்டார் ரூலெட் எனும் சுழல்வட்டைக் காண்போம். 1 முதல் 36 வரையுள்ள எண்களோடு சுழியும் அவ்வட்டில் உண்டு. சுழற்சிக்கும் பூச்சியத்துக்கும் ஒரே வேர்ச்சொல்லை வைத்த தமிழர்க்கு இப்பொறியின் உட்பொருள் எளிதில் விளங்கும். எண்ணொன்றில் வைத்த வெள்ளிக்கு வைத்ததும் சேர்த்து 36 வெள்ளி மீளும். சுழி இல்லையெனில் களத்துக்கு ஒன்றும் மிஞ்சாது; சுழியே அதன் குத்தகை. பாரிசில் பழகிய பழைய வட்டில் ஒற்றைச் சுழி, இரட்டைச் சுழி என இரண்டு இருந்தன. 1843இல் செருமானிய நாட்டு ஹோம்பர்க் நகரில் பிளாங்க் உடன்பிறந்தார் இரட்டைச் சுழியை நீக்கினர். அறக்கருணையால் அன்று, பாரிசுக் களங்கள் 1837 இறுதியில் மூடப்பட்டபின் ஆடுவோரைத் தம்பால் ஈர்ப்பதற்கே. 37 அறைகளில் ஒன்று, நூற்றுக்கு 2.70 என்பதே அவர்தம் பங்கு. பின்னர் மாண்டி கார்லோவிலும் அவ்வட்டே வேரூன்றியது. அமெரிக்காவில் இரு சுழிகளும் நிலைத்தமையால் பங்கு 5.26 ஆயிற்று. பிரெஞ்சு முறையிலோ, சிவப்பு கறுப்பு போன்ற இருபால் பந்தயங்களில் சுழி விழுந்தால் பாதிப் பணம் திரும்பும். அங்கு இழப்பு 1.35 மட்டுமே.

மலேசியாவில் இவ்வட்டு சட்டப்படி சுழலும் இடம் ஒன்றே. 1969இல் உரிமம் பெற்ற லிம் கோ தோங், 1971இல் கெந்திங் மலையில் விடுதியைத் திறந்தார். இசுலாமியர்க்கு அங்குச் சூதாட இசைவில்லை.

ஒளிவிளக்கின்கீழ்ச் செல்வர் ஆடிய ஒற்றைச் சுழி வட்டைவிடப் பினாங்குச் சந்தில் ஏழைப் பெண் கட்டிய சாப் ஜி கீ ஆறு மடங்கு கொடியது என்பதை மேற்கண்ட எண்கள் காட்டுகின்றன. திருக்குறளில் சூது அதிகாரம் கழகம் என்னும் சொல்லைச் சூதாடுகளத்துக்கு வழங்குகிறது. அக்கழகம் எக்காலத்தும் எளியோரிடமே மிகுதியாக வாங்கியிருக்கிறது. அண்மைக் காலத்திலும் நிலை வேறன்று. 2016 முதல் லாஸ் வேகாஸில் மூன்று சுழிகளும் 39 அறைகளும் கொண்ட வட்டு தோன்றியுள்ளது. அதில் களத்தின் பங்கு 7.69. குறைந்த பந்தயத் தொகையுடன் அமரக்கூடிய மேசைகளாக அங்குப் பெரும்பாலும் வைக்கப்பட்டிருப்பவை இவையே.